ஒப்பந்தத்தைப் படிக்கக் கற்றுத்தரும் கூட்டங்கள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வணிக ரியல் எஸ்டேட் துறையில் இருக்கும் பெண்களுக்காக நடத்தப்படும் அறிமுகக் கூட்டங்களையும் பயிற்சி அமர்வுகளையும் பற்றித் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் வெளியான சிறு செய்தியைப் படித்தேன். இத்தகைய கூட்டங்கள் பெருகிவருவதே முன்னேற்றத்தின் அடையாளம் என்று அச்செய்தி முடிந்திருந்தது. அலுவலகக் கட்டடங்கள், கடை வளாகங்கள், கிடங்குகள் ஆகியவற்றைக் குத்தகைக்குப் பேசி முடித்துத் தரும் வேலையில் 19 ஆண்டுகளாக இருக்கிறேன். இப்படிப்பட்ட கூட்டங்களில் கணிசமானவற்றுக்குப் போயும் இருக்கிறேன். அவற்றின் எண்ணிக்கை கூடியிருப்பது உண்மை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை, இத்தொழிலில் பெண்கள் எந்த இடத்தில் தோற்கிறார்களோ அந்த இடத்தைத் தொடாமலேயே கலைந்துவிடுகின்றன என்பதைச் சொல்லத்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இத்தொழில் வீடு விற்பதன் பெரிய வடிவமாகத் தோன்றலாம். வீட்டைத் தேடுபவர் விளம்பரத்தைப் பார்த்து வருகிறார். இங்கே விளம்பரம் வரும் நேரத்தில் பேரம் பாதி முடிந்திருக்கும். ஒரு நிறுவனத்தின் குத்தகை இன்னும் ஒன்றரை ஆண்டில் முடியப்போகிறது, அவர்கள் இடம் மாற நினைக்கிறார்கள் என்பதை முதலில் அறிந்தவர் யாரோ, அவருக்கே அந்த வேலை கிடைக்கிறது. இந்தச் செய்தி எந்த ஆவணத்திலும் இருப்பதில்லை. ஒரு வழக்கறிஞர் பேச்சுவாக்கில் சொல்வார்; கட்டடப் பராமரிப்பு மேலாளர் ஒருவர் மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது சொல்வார்; பழைய சகா ஒருவர் தொலைபேசியில் வேறெதையோ பேச அழைத்து, முடிக்கும்போது சொல்வார். மாதச் சம்பளம் ஓரளவுக்குத்தான். வருமானத்தின் பெரும்பகுதி தரகுத் தொகையிலிருந்தும் ஊக்கத் தொகையிலிருந்தும் வருகிறது. ஆகவே, யாரிடம் யார் பேசுகிறார்கள் என்பதுதான் இத்தொழிலில் யாருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

இது என் சொந்த ஊகம் அன்று. வணிகக் கட்டடத் துறைப் பெண்களுக்காக 1989-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட க்ரூ நெட்வொர்க் என்ற அமைப்பு, 2005 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இத்துறையின் ஊதிய நிலையை ஆராய்ந்து வெளியிட்டுவருகிறது. அதன் 2020 ஆய்வின்படி, நிலையான சம்பளத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையிலான இடைவெளி சுமார் 10 விழுக்காடு. தரகு மற்றும் ஊக்கத் தொகையில் அந்த இடைவெளி சுமார் 56 விழுக்காடு. பணியாளர்களில் பெண்களின் பங்கு ஏறத்தாழ 37 விழுக்காடு என்றும், பதினைந்து ஆண்டுகளாக அது பெரிதாக நகரவில்லை என்றும் அதே ஆய்வு கூறியது. நியமன ஆணையில் எழுதப்படும் தொகையில் நாம் அவ்வளவாகப் பின்தங்கவில்லை. பேரம் கைமாறும் இடத்தில்தான் பாதிக்கு மேல் பறிகொடுக்கிறோம். அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, பெண்களுக்கான கூட்டங்கள் எதைப் பேச வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே எழவில்லை.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், நான்கு தளங்கள் தேவைப்பட்ட ஒரு நிறுவனத்தைத் தேடிக் கொண்டுவந்தவள் நான். பதினொரு கட்டடங்களை அவர்களுடன் ஏறி இறங்கினேன். இரண்டைத் தேர்ந்தெடுத்து ஒப்பீட்டு அட்டவணை தயாரித்துக் கொடுத்தேன். இறுதிப் பேச்சு நான் இல்லாத ஓர் இடத்தில், ஒரு சனிக்கிழமை கோல்ஃப் மைதானத்தில், என் மேலாளருக்கும் உரிமையாளர் தரப்புக்கும் இடையே முடிந்துவிட்டது. திங்கட்கிழமை காலை என் மேசைக்கு வந்தது, தட்டச்சுப் பிழைகளைத் திருத்தித் தருமாறு ஒட்டுக்குறிப்புடன் கூடிய ஒப்பந்த நகல். தரகில் எனக்குரிய பங்கைக் கேட்டபோது, "நீங்கள் உதவி செய்தீர்கள், முடித்தது அவர்" என்றார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு அதைச் செய்யவில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். என்னை அழைக்க வேண்டும் என்ற நினைப்பே அவர்களுக்கு எழவில்லை, அவ்வளவுதான். அதுதான் எனக்கு அதிகமாக உறுத்தியது.

அதற்குப் பிறகுதான் பெண்களுக்கான கூட்டங்களைத் தேடிப் போகத் தொடங்கினேன். முதல் கூட்டத்துக்கு ஐம்பது விசிட்டிங் கார்டுகளை எடுத்துச் சென்று நாற்பத்து மூன்றைக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுவாரம் பதில் எழுதியவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவர் எனக்குக் காப்பீடு விற்க விரும்பினார். அன்றைய மாலையில் நான் கேட்ட உரைகள் இரண்டு. ஒன்று தன்னம்பிக்கையைப் பற்றியது. மற்றொன்று வேலையையும் குடும்பத்தையும் சமநிலையில் வைப்பது எப்படி என்பதைப் பற்றியது. பேசியவர்கள் நல்லவர்கள், அனுபவசாலிகள். ஆனால் தன்னம்பிக்கை இல்லாத ஒருத்தி, முகம் தெரியாத நிறுவனங்களின் வாசலில் நின்று "உங்கள் குத்தகை எப்போது முடிகிறது?" என்று கேட்கும் வேலையில் ஆறு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டாள். அரங்கில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரிடமும் அது ஏற்கெனவே இருந்தது. இல்லாமல் இருந்தது, கட்டட உரிமையாளர்களின் கைப்பேசி எண்.

இதற்கு நேர்மாறான ஓர் அமர்வையும் பார்த்தேன். எட்டுப் பெண்கள், ஒரு நீள மேசை, ஒவ்வொருவர் கையிலும் பெயர்கள் கறுப்பு மையால் மறைக்கப்பட்ட ஒரே குத்தகை ஒப்பந்தத்தின் நகல். நடத்தியவர் முப்பது ஆண்டுகள் குத்தகைப் பேச்சு நடத்திய மூத்த பெண்மணி. முன்னுரை எதுவும் சொல்லாமல், வாடகை உயர்வு பற்றிய பிரிவைத் திறக்கச் சொன்னார். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை 15 விழுக்காடு என்று அதில் இருந்தது. உரிமையாளர் அதை ஆண்டுக்கு 5 விழுக்காடு என்று மாற்றிக் கேட்டால் ஒத்துக்கொள்வீர்களா என்று வினவினார். மூன்று ஐந்து பதினைந்துதானே என்று எங்களில் ஐந்து பேர் தலையசைத்தோம். "கணக்குப் போடுங்கள்" என்றார். முதல் ஆண்டு வாடகையை 100 என்று வைத்து ஒன்பது ஆண்டுகளுக்குக் கூட்டினோம். மூன்றாண்டுக்கு ஒருமுறை உயர்த்தினால் மொத்தம் 1,041.75, ஆண்டுதோறும் உயர்த்தினால் 1,102.66. கிட்டத்தட்ட 6 விழுக்காடு வித்தியாசம், ஒரே ஒரு வரி மாற்றத்தில். நான்கு தளங்களுக்கு அந்த 6 விழுக்காடு எவ்வளவு என்று ஒவ்வொருவரும் மனத்துக்குள் கணக்கிட்டுக்கொண்டிருந்தபோது மேசையில் நிலவிய அமைதியை நான் மறக்கவில்லை.

அன்று மாலைக்குள் ஐந்து பிரிவுகளைப் பார்த்தோம். குத்தகைதாரர் இடையில் வெளியேற முடியாத காலம் இரு தரப்பையும் கட்டுகிறதா, ஒரு தரப்பை மட்டும் கட்டுகிறதா. உள்வேலைக்காக வாடகையின்றித் தரப்படும் மாதங்கள் சாவி கொடுத்த நாளிலிருந்து தொடங்குகின்றனவா, மின் இணைப்புக் கிடைத்த நாளிலிருந்தா. காலி செய்யும்போது தளத்தைப் பழைய நிலைக்குத் திருப்பித் தருவது என்றால் எந்தப் பழைய நிலை. பரப்பளவுக்கு வந்தபோது அவர் இரண்டு கட்டடங்களைக் கரும்பலகையில் எழுதினார். ஒன்றில் சதுர அடிக்கு வாடகை 100, ஆனால் வாடகை கணக்கிடப்படும் பரப்பில் 70 விழுக்காடுதான் உள்ளே நாற்காலி போட உதவும். மற்றொன்றில் வாடகை 115, பயன்படும் பரப்பு 85 விழுக்காடு. பயன்படும் ஒரு சதுர அடிக்கு முதலாவதில் ஏறத்தாழ 143 ஆகிறது, இரண்டாவதில் 135. விலை கூடிய கட்டடம்தான் மலிவு. அலுவலகப் பரப்பை எல்லா நாடுகளிலும் ஒரே முறையில் அளப்பதற்கான சர்வதேச அளவீட்டு முறை 2014-இல்தான் வெளியானது. அதன் பின்னும் இடத்துக்கு இடம் அளவு மாறத்தான் செய்கிறது. ஆகவே இந்தக் கணக்கைக் கையில் வைத்திருப்பவருக்குப் பேச்சில் எப்போதும் ஒரு படி மேலான இடம் உண்டு.

இவற்றையெல்லாம் அலுவலகத்திலேயே கற்றுக்கொள்ளலாமே என்று கேட்கலாம். ஆண் பணியாளர்கள் பலர் அப்படித்தான் கற்றுக்கொள்கிறார்கள். மூத்தவருடன் காரில் போகும்போதும், பேச்சுவார்த்தை முடிந்த பிறகு வாசலில் நின்று அலசும்போதும் அது நடக்கிறது. ஒரு முதலீட்டாளர் கூட்டத்தில் "கேப் ரேட்" என்ற சொல்லை முதன்முதலில் கேட்டபோது, அது என்னவென்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. இளைஞன் ஒருவன் கேட்டிருந்தால் ஆர்வம் உள்ளவன் என்பார்கள். நான் கேட்டிருந்தால் ஒன்றும் தெரியாமல் வந்துவிட்டாள் என்பார்கள் என்று தோன்றியது. குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டு, பிறகு நானாகவே தேடிப் படித்தேன். கட்டடத்தின் ஆண்டு நிகர வருமானத்தை அதன் மதிப்பால் வகுத்தால் வரும் விகிதம், அவ்வளவுதான். நிகர வருமானம் 84 என்றால், 7 விழுக்காட்டில் கட்டடத்தின் மதிப்பு 1,200; 8 விழுக்காட்டில் 1,050. வாடகையில் ஒரு காசும் குறையாமலேயே எட்டில் ஒரு பங்கு மதிப்பு கரைந்துபோகிறது. பத்து நிமிடத்தில் புரிந்துவிடக்கூடிய இதை அறிந்துகொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின, கேட்பதற்கு ஓர் இடம் இல்லாததால்.

பெண்கள் மட்டும் கூடும் கூட்டத்தின் முதல் பயன் இதுதான் என்று நினைக்கிறேன்: அங்கே தெரியாது என்று சொல்லலாம். இப்படிக் கூடுவது தேவையற்ற பிரிவினை என்று வாதிடும் நண்பர்களுக்கு நான் தரும் பதிலும் அதுவே. அதே சமயம் அந்த வாதத்தில் பாதி உண்மை இருப்பதையும் மறுக்க மாட்டேன். நமக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தால் தைரியம் கிடைக்கும், பேரம் கிடைக்காது. எந்தக் கட்டடத்தை யாரிடம் ஒப்படைப்பது என்று முடிவெடுக்கும் நாற்காலிகளில் இன்னும் பெரும்பாலும் ஆண்களே இருக்கிறார்கள். ஆகவே கற்கும் அமர்வு நமக்கானதாக இருக்கட்டும். அதைத் தொடர்ந்து வரும் அறிமுக அமர்வுக்கு உரிமையாளர்கள், நிதி நிறுவனத்தார், பெரிய குத்தகைதாரர்களின் கட்டடப் பொறுப்பாளர்கள் ஆகியோர் பெயர் சொல்லி அழைக்கப்பட்டு, ஆணோ பெண்ணோ, வந்து உட்காரட்டும். அவர்கள் மேடையில் அல்ல, ஆறு பேர் அமரும் மேசையில் உட்கார வேண்டும். மேடைக்கு வருபவர் பேசிவிட்டுக் கிளம்பிவிடுவார். மேசையில் இருப்பவரிடம்தான் நாம் பேச முடியும்.

யார் யாரை ஒரே மேசையில் உட்கார வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். தரகர்கள் மட்டும் கூடினால் ஒருவர் மற்றவருக்குப் போட்டி; தெரிந்ததை யாரும் வாய்திறந்து சொல்ல மாட்டார்கள். மேற்சொன்ன க்ரூ அமைப்பு தரகர்களோடு வழக்கறிஞர்கள், கட்டடக் கலைஞர்கள், கடன் வழங்குவோர், மதிப்பீட்டாளர்கள் என்று துறையின் பல தொழிலாரையும் ஒரே உறுப்பினர் பட்டியலில் வைத்திருப்பது இந்த வகையில் அறிவார்ந்த ஏற்பாடு. எனக்குக் கிடைத்த மிகப் பெரிய குத்தகை வேலை, ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே சந்திக்கும் ஒரு மதிப்பீட்டாளர் சொன்ன ஒற்றை வாக்கியத்திலிருந்து வந்தது. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்விலும் இதையே காண்கிறோம். அறிந்தவர்கள் மூலம் வேலை பெற்றவர்களில், தகவல் தந்தவரை அடிக்கடி சந்தித்தவர்கள் 16.7 விழுக்காட்டினர்தாம், எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6 விழுக்காட்டினர், அரிதாகவே சந்தித்தவர்கள் 27.8 விழுக்காட்டினர். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்தே இருக்கும். தூரத்தில் இருப்பவர்தான் புதிய செய்தியைக் கொண்டுவருகிறார். ஒவ்வோர் ஆண்டும் அதே முப்பது முகங்கள் கூடிக் கட்டித் தழுவிக்கொள்ளும் கூட்டம் மனத்துக்கு இதமானது என்பதை மறுக்கவில்லை. தொழிலுக்கு அதனால் கிடைப்பது குறைவு.

கட்டடத்துக்கே அழைத்துச் செல்லும் பயிற்சிகளை இன்னும் கூட்டலாம். பாதி எழும்பிய ஓர் அலுவலகக் கட்டடத்துக்குத் தலைக்கவசம் அணிந்து போன ஒரு காலைப்பொழுதில், குளிரூட்டும் இயந்திர அறையின் வாசலில் நின்று அங்கிருந்த பொறியாளர் சொன்ன இருபது நிமிட விளக்கம், நான் கேட்ட எந்த அரங்க உரையையும்விடப் பயன்பட்டது. ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு உள்ள உயரத்தில் குழாய்களும் கம்பிகளும் எவ்வளவை விழுங்கிவிடும், தூண்களுக்கு இடையிலான தூரம் மேசைகளின் வரிசையை எப்படிக் கெடுக்கும், கோப்புகள் நிறைந்த அறையின் எடையைத் தளம் தாங்குமா என்பதை எப்படிக் கேட்பது என்பதையெல்லாம் அங்கேதான் கற்றேன். அடுத்த வாரமே ஒரு வாடிக்கையாளரிடம் அந்த எடைக் கேள்வியை எழுப்பினேன். அதுவரை என் ஆண் உதவியாளரைப் பார்த்தே பேசிவந்த அவர், முதன்முறையாக என் பக்கம் திரும்பினார்.

காலம் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. பிரிட்டனின் நில அளவையாளர், மதிப்பீட்டாளர் சங்கம் 1868-இல் தொடங்கப்பட்டது. பாலின அடிப்படையில் பெண்களைத் தொழில்களிலிருந்து விலக்குவதைத் தடுக்கும் சட்டம் அங்கே 1919-இல் வந்த பிறகே, ஐரீன் பார்க்லே 1922-இல் அதன் தகுதி பெற்ற முதல் பெண்ணானார். அச்சங்கத்தின் தலைவர் பதவிக்கு முதல் பெண்ணாக லூயிஸ் புரூக்-ஸ்மித் வந்தது 2014-இல். கதவு திறந்ததிலிருந்து தலைமை நாற்காலி வரை 92 ஆண்டுகள். அமெரிக்காவில் கடன் வழங்குவதில் பாலினமும் மணநிலையும் பார்க்கப்படக் கூடாது என்ற சட்டமே 1974-இல்தான் வந்தது; கடன் இன்றிக் கட்டடம் வாங்கப்படாத ஒரு தொழிலில் இதன் பொருள் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. தானாகச் சரியாகும் என்று காத்திருந்தவர்கள் ஒரு முழு ஆயுளைக் காத்திருந்தே கழித்திருக்கிறார்கள்.

நேரத்தையும் செலவையும் பற்றி இரண்டு சொற்கள். மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் கூட்டம், வீட்டில் சிறு குழந்தையோ நோயுற்ற பெற்றோரோ உள்ளவர்களைத் தொடக்கத்திலேயே வடிகட்டிவிடுகிறது. அலுவலக நேரத்திலேயே, காலை பத்து மணிக்கு வைத்தால் என்ன? கோல்ஃப் மைதான உறுப்பினர் கட்டணத்தை வணிக மேம்பாட்டுச் செலவு என்று எழுதும் நிறுவனங்கள், பெண் பணியாளரின் பயிற்சிக் கட்டணத்தை மட்டும் அவருடைய சொந்த விருப்பம் என்று தள்ளிவிடுகின்றன. இரண்டும் ஒரே கணக்குத் தலைப்பில் வர வேண்டியவை. விடுப்பு எடுத்துக்கொண்டு, கைக்காசு போட்டு, திரும்பி வந்து யாரிடமும் சொல்லாமல் இருந்த பெண்களை நான் அறிவேன்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. இத்தகைய கூட்டங்களைப் பற்றிச் செய்தி வெளியிடும்போது, எத்தனை பேர் வந்தார்கள், யார் தலைமை தாங்கினார்கள் என்பதோடு நிறுத்திவிடாமல், அன்று எந்த ஒப்பந்தம் பிரித்துப் படிக்கப்பட்டது, எந்தக் கணக்குப் போடப்பட்டது, முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் எத்தனை பேர் மேசையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று நடத்துபவர்களிடம் தங்கள் செய்தியாளர் கேட்க வேண்டும். ஓராண்டு கழித்து, அக்கூட்டத்தில் கிடைத்த அறிமுகத்தால் முடிந்த குத்தகைகள் எத்தனை என்றும் கேட்கலாம். இக்கேள்விகள் வரும் என்று தெரிந்தால், அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலைத் தயாரிப்பவர்கள் மூன்றாவது உரையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு நீள மேசையைப் போடுவார்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வணிகக் கட்டடக் குத்தகைத் துறையில் பணிபுரியும் ஒரு வாசகி